இன்னாசி கொரேராவின் தடித்த கோடு

ஜூன் 3, திங்கள்

பெட்டி வந்துவிட்டது. இரண்டடுக்கு டிபன் கேரியர் அளவுதான் இருக்கிறது. இதற்காகவா மூன்று மாதம் கடிதம் மேல் கடிதம் எழுதினோம் என்று சிரிப்பு வந்தது. பொறியியல் கல்லூரிக்காரர்கள் இரவலாகத் தந்திருக்கிறார்கள். இருபத்து நான்காம் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அது செய்கிற வேலை இவ்வளவுதான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை மாதிரி விரிந்திருக்கிறது உதரவிதானம். மூச்சை உள்ளே இழுப்பது அந்தத் தசைதான். அது சுருங்கும்போது துளியூண்டு மின்சாரம் தோல் வரைக்கும் வந்து சேருகிறது. கீழ் விலா ஓரத்தில் இரண்டு பக்கமும் எலக்ட்ரோடு ஸ்டிக்கரை ஒட்டினால், பெட்டி அந்தத் துளியைப் பெரிதாக்கித் திரையில் கோடாக வரைகிறது. ஊசி இல்லை, வலி இல்லை. தீவிர சிகிச்சை வார்டில் ஏழு வருடமாக வென்டிலேட்டரைக் கட்டி மேய்க்கிறேன். மெஷின் என்ன செய்கிறது என்று எனக்கு அத்துப்படி. அதில் மாட்டியிருக்கும் ஆள் உள்ளுக்குள் என்ன செய்கிறார் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை.

டாக்டர் முகைதீன் பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு வாரம் விளையாடு இசக்கி. பேஷன்ட்டுக்குத் தொந்தரவு இல்லாம விளையாடு" என்றார். சிஸ்டர் புஷ்பத்துக்குத்தான் எரிச்சல். "இன்னும் ரெண்டு வயரா? ஏற்கெனவே அந்த மனுசன் மேல துணி காயப்போடலாம் போல இருக்கு."

அந்த மனுசன் ஏழாம் கட்டில். இன்னாசி கொரேரா, நாற்பத்தொரு வயது, தூத்துக்குடி. தொழில் என்ற இடத்தில் 'மீனவர்' என்று போட்டிருக்கிறது. காலில் தொடங்கிய நரம்பு வியாதி மூன்றே நாளில் நெஞ்சு வரைக்கும் ஏறிவிட்டது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து, நாற்பது நாளாக மெஷின்தான் மூச்சு கொடுக்கிறது. பேச முடியாது, முகமும் அசையாது. ஒரு சிமிட்டல் ஆமாம், இரண்டு சிமிட்டல் இல்லை.

தங்கை வடிவு போன் செய்திருக்கிறாள். டூட்டியில் இருந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

ஸ்டிக்கர் ஒட்டவே மாட்டேன் என்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வழுக்கிக்கொண்டு கீழே வருகிறது. ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன், பேப்பர் டேப் போட்டேன், நேரம்தான் போனது. நாலு மணிப் பார்வை நேரத்தில் அவர் மனைவி ரெஜினா வந்ததும் விஷயம் வெளியே வந்தது. தினமும் மாதா கோயில் எண்ணெய் கொண்டுவந்து விலாவிலிருந்து வயிறு வரைக்கும் நீவிவிட்டுப் போகிறாராம். புஷ்பத்துக்கு இது தெரியும். என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

"எண்ணெய்ய நிறுத்தச் சொல்லாதீங்கம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்த வேண்டாம்க்கா. விலாவை எனக்குக் குடுத்துட்டு, காலை நீங்க எடுத்துக்கோங்க. வியாதி கால்லதான தொடங்குச்சு?"

அந்த நியாயம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. உள்ளங்காலில் தேய்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 5, புதன்

இன்று முழுக்க இதயத்தைத்தான் பார்த்தேன். இதயத்தின் மின்சாரம் பெரியது, தசையின் மின்சாரம் சிறியது. ஒவ்வொரு துடிப்பும் மைக் பிடித்த கட்சிக்காரர் மாதிரி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. அதை வடிகட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. எந்தப் பொத்தான் என்று கண்டுபிடிக்க மதியச் சாப்பாடு போயிற்று.

ஜூன் 7, வெள்ளி

எனக்குக் கைகால் நிலைகொள்ளவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

துடிப்பை வடிகட்டிய பிறகு, காலை பத்தரைக்குத் திரையில் சின்னச் சின்னப் புதர்களாக ஏதோ வரத் தொடங்கியது. முளைக்கிறது, அடங்குகிறது, மறுபடி முளைக்கிறது. ஒரு நிமிடம் எண்ணினேன். இருபத்திரண்டு. வென்டிலேட்டர் நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சுதான் கொடுத்துக்கொண்டிருந்தது. 'நோயாளி முயற்சி' என்ற இடத்தில் அது காட்டிய எண் பூஜ்யம்.

அப்படியென்றால் இன்னாசி நிமிடத்துக்கு இருபத்திரண்டு தடவை மூச்சுக் கேட்கிறார். கேட்கிற சத்தம் மிகவும் மெல்லியதாக இருப்பதால் மெஷினுக்குக் காதில் விழவில்லை. அது பாட்டுக்குத் தன் கணக்கில் பதினான்கை ஊதிக்கொண்டிருக்கிறது.

டாக்டரை இழுத்துக்கொண்டு வந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். மெஷினின் உணர்திறனை இரண்டு படி கூட்டச் சொன்னார். கூட்டினேன். பூஜ்யம் இருந்த இடத்தில் எட்டு வந்தது. பிறகு பன்னிரண்டு. சாயங்காலம் பதினேழு.

"தசை செத்துப்போகல" என்றார் டாக்டர். அவர் வாயிலிருந்து வந்தால் அது பெரிய பாராட்டு.

இன்னாசியிடம் குனிந்து, "அண்ணே, நீங்க கேக்கது எங்களுக்கு இப்பதான் கேட்டுது" என்றேன். ஒரு சிமிட்டல். திரும்பும்போது ஆறாம் கட்டிலைத் தாண்டித்தான் வர வேண்டும். அதில் இப்போது ஒரு கணக்கு வாத்தியார் படுத்திருக்கிறார். நான் வழக்கம்போல் வேகமாகத் தாண்டிவிட்டேன்.

ஜூன் 8, சனி

மழை. துணி காயவில்லை. வடிவு இரண்டு தடவை போன்.

ஜூன் 10, திங்கள்

தோற்றோம்.

மெஷினைக் கழற்றி, ஆக்சிஜன் மட்டும் வரும் சின்னக் குழாயைக் கழுத்துத் துளையில் மாட்டிவிட்டு, அவராக மூச்சு விடுகிறாரா என்று பார்க்கும் சோதனை. பெட்டி வருவதற்கு முன் மே மாதத்தில் இரண்டு தடவை செய்திருக்கிறோம். இரண்டு தடவையும் நெஞ்சு அசையவே இல்லை. நான்தான் தாளில் 'மூச்சு முயற்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை தசை வேலை செய்வது தெரிந்திருப்பதால் ஏகப்பட்ட நம்பிக்கை.

இந்தச் சோதனையை என்னைப் போல் பக்குவமாகச் செய்ய இந்த வார்டில் ஆளில்லை என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. திரையை இழுத்துவிடுவேன். வென்டிலேட்டரை ஓய்வு நிலையில் போட்டுச் சத்தத்தை அறவே நிறுத்துவேன். பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. ஆள் பயந்துவிடக் கூடாது, பாருங்கள். இன்றும் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

கழற்றினேன். நெஞ்சு அசையவில்லை. பத்து நொடி, முப்பது, அறுபது. ஆக்சிஜன் அளவு 97இலிருந்து 88க்கு வந்ததும் மறுபடி மெஷினில் மாட்டிவிட்டேன். எண்பது நொடி தாக்குப்பிடித்ததே பெரிது.

புரியாத விஷயம் இரண்டு. ஒன்று, மூச்சுத் திணறினால் நாடி ஏறும். இவருக்கு 92இலிருந்து 64க்கு இறங்கியது. நரம்பு வியாதியில் நாடி தாறுமாறாகப் போகும் என்கிறார் டாக்டர். இரண்டு, பெட்டியில் புதர்கள் நின்றுவிட்டன. அவற்றின் இடத்தில் தடித்த கோடு ஒன்று ஏற்ற இறக்கம் இல்லாமல் எண்பது நொடியும் ஓடியது. மெஷினை மாட்டி நாலைந்து மூச்சுப் போனதும் கோடு மறைந்து புதர்கள் திரும்பிவிட்டன.

மின்சார இரைச்சல்தான் அப்படி ஓடும். எதிலிருந்து வருகிறது என்று நாளைக்குப் பிடிக்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

மின்விசிறியை நிறுத்தினேன். கட்டில் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினேன். பக்கத்துக் கட்டில் உறவினர் ஒளித்துவைத்திருந்த போன் சார்ஜரைக் கண்டுபிடித்துச் சண்டை போட்டேன். புது ஸ்டிக்கர், புது வயர். கோடு சுத்தமாக இருக்கிறது. இரைச்சல் எங்குமே இல்லை. இல்லாத இரைச்சல் நேற்று எங்கிருந்து வந்தது?

ஜூன் 12, புதன்

மறுபடியும் சோதனை. மறுபடியும் அதே தடித்த கோடு, அதே இறங்கும் நாடி, அசையாத நெஞ்சு. எழுபத்தாறு நொடி. தாளில் நாலாவது தடவையாக எழுதினேன்: மூச்சு முயற்சி இல்லை.

டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "நாலு தடவ பாத்தாச்சு இசக்கி. ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் கீழ போகுது, அது நல்லதில்ல. ரெண்டு நிமோனியா வந்து போயிருச்சு. இங்க வச்சிருந்தா மூணாவது வரும், அத அவரு தாங்க மாட்டாரு. சின்ன வென்டிலேட்டரோட வீட்டுக்கு அனுப்பிடலாம். மூணு மாசம் கழிச்சுப் பாப்போம். இருபத்தி நாலாம் தேதி அனுப்புறோம்."

அவர்கள் வீடு ஒற்றை அறை. தெருவில் நாளுக்கு மூன்று தடவை கரண்ட் போகும் என்று ரெஜினா போன வாரம்தான் சொன்னார். வென்டிலேட்டர் பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும். மூன்று மாதம் கழித்துப் பார்க்க ஆள் இருப்பாரா என்று கேட்க வாயெடுத்தேன். டாக்டருக்கும் அது தெரியும் என்பதால் கேட்கவில்லை.

நிமிடத்துக்கு இருபத்திரண்டு தடவை கேட்கிற ஆள், கொடுப்பதை நிறுத்தியதும் ஏன் கேட்பதையும் நிறுத்துகிறார்? இந்தக் கேள்வி பல்லிடுக்கில் சிக்கிய முருங்கை நார் மாதிரி இருக்கிறது.

ஜூன் 15, சனி

மதியம் டூட்டி முடிந்ததும் உபகரண அறையில் பெட்டியை என் மேலேயே மாட்டிப் பார்த்தேன். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, விலாவில் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். இருமினால் ஒரு வெடி. சிரித்தால் ஒரே கும்மாளம். விக்கல் மாதிரி நடித்தேன். நடிப்பு என்று பெட்டி காட்டிக்கொடுத்துவிட்டது. நல்ல பொழுதுபோக்கு.

அந்த நேரம் மேஜையில் போன் அடித்தது. வடிவு. நான் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்து ஓய்ந்த பிறகு திரையைப் பார்த்தால், அங்கே ஓடியிருந்தது ஒரு தடித்த கோடு.

போன் அடித்த நேரம் முழுக்க ஓடியிருக்கிறது. அது நின்றதும் கோடு அறுந்து, பெரிய புதர் ஒன்று. பெருமூச்சு விட்டிருக்கிறேன் போல.

போனிலிருந்து வரும் இரைச்சலாக இருக்கலாம் என்று முதலில் தோன்றியது. சரிபார்க்க வேண்டும் அல்லவா? புஷ்பத்தைக் கூப்பிட்டு, எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு என்றேன். அடித்தது. கோடு இல்லை, புதர்கள் சாதாரணமாக வந்தன. இன்னொரு தடவை. அப்போதும் இல்லை. ஆகவே போன் காரணமில்லை என்பது உறுதி. வேறு என்ன காரணம் என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

எழுத வேண்டியது இது. நான் மூச்சைப் பிடித்திருக்கிறேன். பிடித்தது எனக்கே தெரியாது. பிறகு தெரிந்தே பிடித்துப் பார்த்தேன். தொண்டையை மூடிக்கொண்டு பிடித்தால் கோடு மெல்லியது. தொண்டையே கதவாக இருப்பதால் தசைக்கு வேலை குறைவு. வாயையும் தொண்டையையும் திறந்து வைத்தபடி பிடித்தால் முழுப் பாரமும் தசைக்கு வருகிறது, கோடு தடிக்கிறது. இன்னாசியின் குழாய் தொண்டைக்குக் கீழே இருக்கிறது. அவருக்கு மூடக் கதவு கிடையாது. அவர் மூச்சைப் பிடிக்க வேண்டுமென்றால் தசையால்தான் பிடிக்க வேண்டும்.

அது இரைச்சல் இல்லை. முயற்சி இல்லாமையும் இல்லை. எண்பது நொடியும் அந்த மனிதர் தன் முழு பலத்தோடு எதையோ பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜூன் 16, ஞாயிறு

லீவு. இரண்டு வாளித் துணி துவைத்தேன். தோசைக்கு மாவு ஆட்டினேன். மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது, எழுதித் தொலைக்கிறேன்.

அக்டோபரில் ஆறாம் கட்டிலில் அம்மா இருந்தாள். நுரையீரல் சுருங்கிப்போகும் வியாதி. மெஷினைக் கழற்றிப் பார்க்கும் சோதனையை வேறு யாராவது செய்திருக்கலாம். என் அளவுக்குப் பக்குவமாக யாரும் செய்ய மாட்டார்கள் என்று நான்தான் அடம்பிடித்தேன். திரையை இழுத்துவிட்டேன், சத்தத்தை நிறுத்தினேன், நானே எழுதினேன், நானே கையெழுத்துப் போட்டேன். அந்த மூன்று வார்த்தைகளைத்தான். இரண்டு நாளில் போய்விட்டாள். பூனாவிலிருந்து வடிவு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பத்தாம் நாள் அவள் கேட்டாள்: "அம்மா ஒரு தடவையாவது இழுத்துப் பாத்தாளாக்கா?" இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அம்மா முத்துக் குளிக்கப் போனவளா என்ன, மூச்சைப் பிடிக்க? மாவு பொங்கிவிட்டது.

ஜூன் 17, திங்கள்

காலையில் முதல் வேலையாக இன்னாசியிடம் கேட்டேன். "அண்ணே, மெஷினக் கழத்தும்போது நீங்க மூச்சப் பிடிக்கியளா?"

இரண்டு சிமிட்டல். இல்லை.

பொய் சொல்லவில்லை. தெரியாமல் பிடிக்கிறார். சனிக்கிழமை என்னைக் கேட்டிருந்தால் நானும் இரண்டு சிமிட்டல்தான் கொடுத்திருப்பேன்.

நாலு மணிக்கு ரெஜினாவிடம், "அண்ணன் எப்பவாச்சும் மூச்சப் பிடிக்கிற மாதிரி ஏதும் பழக்கம் உண்டாக்கா?" என்றேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். ஐம்பது நாளில் அவர் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"என்னம்மா இப்படிக் கேக்கிய? அவுக சங்கு குளிக்கிறவுகல்லா? மூச்சப் பிடிக்கதுதான் அவுக பொழப்பே."

"மீனவர்னு எழுதியிருக்கு?"

"சீட்டு எழுதுன தம்பி கடல்லயா வேலைன்னு கேட்டாரு. ஆமான்னேன். அவரு எழுதிக்கிட்டாரு."

ஐம்பது நாள். ஒரு டாக்டர், பதினோரு நர்ஸ், நான். ஒருவரும் அந்தச் சீட்டைத் தாண்டிக் கேட்கவில்லை. நேற்று முத்துக் குளிப்பது பற்றிக் கேலியாக எழுதியது நான்தான் என்று நினைத்தால் காது சுடுகிறது.

"கடல்ல எப்படி, என்னன்னு எனக்குத் தெரியாதும்மா. எந்தம்பி கஸ்பார்ட்ட கேளுங்க. அவுக கீழ போனா அவன்தான் படகுல நிப்பான்."

ஜூன் 18, செவ்வாய்

கஸ்பார் வந்தார். வார்டுக்குள் வரப் பயம். வெளியே டீக்கடையில் நின்றுதான் பேசினோம். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுத முயல்கிறேன்.

"படகுல கம்ப்ரசர் ஓடும்க்கா. அதுல இருந்து ஹோஸ் போகும். அத்தான் அதக் கடிச்சுக்கிட்டுக் கீழ இறங்குவாக, காத்து அதுலதான். எஞ்சின் சத்தம் ஹோஸ் வழியாவே கீழ வரும். காதுல இல்லக்கா, பல்லுல தெரியும். டீசல் தீந்தோ பெல்ட்டு அந்தோ கம்ப்ரசர் நின்னுபோச்சுன்னு வைங்க. மொதல்ல சத்தம் நிக்கும். பொறவு காத்து நிக்கும். அப்ப இழுத்துரவே கூடாது. இழுத்தா வாரது தண்ணி. இருக்க மூச்சப் பிடிச்சுக்கிட்டு அசையாம நிக்கணும்."

"எது வரைக்கும்?"

"அவுக கையில கட்டுன கயித்த நான் ரெண்டு தடவ சுண்டி இழுக்க வரைக்கும். அவசரப்பட்டு ஏறுனாலும் ஆபத்து, அதான் நான் சுண்டணும். கயித்தப் பிடிச்சு மெதுவா மேல வருவாக. தல வெளிய வந்ததும் நான் உச்சியில ஒரு தட்டு தட்டுவேன். முகத்துல கண்ணாடி, வெயிலு, அலை தலைக்கு மேல போகும். வெளிய வந்துட்டமா இல்லியான்னு அவுகளுக்குத் தெரியாது. தட்டுனாத்தான் ஹோஸத் துப்பிட்டு மூச்சு விடுவாக. பதினெட்டு வருசமா இப்படித்தான்."

டீ ஆறிப்போனது. நான் குடிக்கவே இல்லை.

முதலில் சத்தம் நிற்கும், பிறகு காற்று நிற்கும். நான் நாலு தடவையும் அதைத்தான் செய்தேன். அதே வரிசையில், அவ்வளவு பக்குவமாக. ஆள் பயப்படக் கூடாதென்று வார்டையே கடலடி மாதிரி ஆக்கி, எஞ்சினை நிறுத்தி, காற்றை நிறுத்தினேன். பதினெட்டு வருடம் உயிரைக் காத்த வேலையை அவர் உடம்பு ஒழுங்காகச் செய்தது. நாடி இறங்கியதும் அதனால்தான்; மூச்சைப் பிடித்து முங்கிப் பழகிய உடம்பு, இருக்கிற காற்றை மிச்சம் பிடிக்க நாடியைத் தானே இறக்கிக்கொள்ளும். மேலே வா என்று கயிற்றைச் சுண்ட ஆள் இல்லை. நான் 'முயற்சி இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19, புதன்

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியில் பதிவான என் கோட்டையும் இன்னாசியின் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டு கோட்டின் மேலும் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"உன் கோடு எப்ப எடுத்தது?"

"சனிக்கிழமை சார். போன் வந்தப்ப."

யார் போன் என்று கேட்காத நல்ல மனிதர். "ஒரே ஒரு தடவ. ஆக்சிஜன் தொண்ணூறுக்குக் கீழ போச்சுன்னா மெஷின்ல மாட்டிட்டு, இருபத்தி நாலாம் தேதி வீட்டுக்கு. அப்புறம் என்கிட்ட கடல் கத சொல்லக் கூடாது."

ஜூன் 20, வியாழன்

காலை பதினொரு மணி. இன்னாசியிடம் முன்கூட்டியே எல்லாம் சொன்னேன். கஸ்பாருக்குப் பச்சை அங்கி, தொப்பி. உள்ளே வந்தவர், அத்தானின் மணிக்கட்டில் காஸ் துணியைக் கயிறாகக் கட்டினார். வென்டிலேட்டரை இந்த முறை நான் நிறுத்தவில்லை. கழற்றிய குழாயின் முனையில் ரப்பர் பையை மாட்டி, அது பாட்டுக்கு ஊதிக்கொண்டிருக்க விட்டேன். எஞ்சின் ஓடட்டும். திரையை இழுக்கவில்லை. புஷ்பத்தை வழக்கம்போல் கத்திப் பேசச் சொன்னேன். அதற்கு அவளுக்குப் பயிற்சி தேவையில்லை.

கழற்றினேன். உடனே தடித்த கோடு. சத்தம் ஓடியும் பயனில்லை. காற்று நின்றது அவருக்குத் தெரிந்துவிட்டது. நாடி 88, 80, 71. ஆக்சிஜன் 97, 95.

கஸ்பார் வயர்களைப் பார்த்தபடி உறைந்து நிற்கிறார்.

"சுண்டுங்க!" என்றேன்.

இரண்டு தடவை சுண்டினார். கோடு கொஞ்சம் மெலிந்தது. அறுபடவில்லை. 94, 93.

"தட்டுங்க!"

கஸ்பார் உச்சந்தலையில் மெதுவாகத் தொட்டார். சீக்காளி என்ற மரியாதை. கோடு அப்படியே ஓடியது. 92.

"என்னய்யா, கொசு அடிக்கியளா?" என்றாள் புஷ்பம். "படகுல இப்படியா தட்டுவிய?"

91. டாக்டரின் கை மெஷின் குழாயை நோக்கிப் போனது. அப்போது கஸ்பார், "அத்தான், வெளிய வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டு உச்சியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டாக்டர் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

கோடு அறுந்தது.

திரையில் ஒன்றுமே இல்லை. அந்த இரண்டு நொடியை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். பிறகு ஒரு புதர் முளைத்தது. விலா விரிந்தது. என் கண்ணால் பார்த்தேன், விலா விரிந்தது. இன்னொன்று. இன்னொன்று. 92, 94. புஷ்பம் பேச்சை நிறுத்திவிட்டு முந்தானை இல்லாத சீருடையில் முந்தானையைத் தேடினாள்.

பதினான்கு நிமிடம் அவராகவே மூச்சு விட்டார். புதர்கள் சிறுக்கத் தொடங்கியதும், களைத்துவிட்டார் என்று நானே மெஷினில் மாட்டினேன். அவர் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. கஸ்பார் தன் அங்கியால் துடைத்துவிட்டு, "உப்புத் தண்ணி, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

நாலு பழைய குறிப்புகளையும் அடிக்க முடியாது, ஆஸ்பத்திரித் தாள். கீழே புதிதாக எழுதினேன்: 'ஜூனில் இரண்டு முறையும் முயற்சி இருந்தது. மே மாதமும் இருந்திருக்கலாம். எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை.' டாக்டர் படித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 22, சனி

காலையில் நாற்பது நிமிடம். மாலையில் ஒரு மணி நேரம். இன்று தலையில் தட்டத் தேவைப்படவில்லை; ஆனாலும் கஸ்பார் தட்டுகிறார். ரெஜினா எண்ணெய்க்கு விலாவைத் திரும்பக் கேட்கிறார்.

ஜூன் 24, திங்கள்

இன்னாசி ஆறு மணி நேரம் மெஷின் இல்லாமல் இருந்தார். வீட்டுக்கு வென்டிலேட்டர் அனுப்பும் பேச்சு நின்றுவிட்டது. இன்னும் இரண்டு வாரம் இங்கேயே வைத்துக் குழாயை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர்.

பெட்டியைத் துடைத்து, வயர்களைச் சுற்றி, மூன்று மணிக்குக் கல்லூரிக்காரரிடம் ஒப்படைத்தேன். வரும் வழியில் ஆறாம் கட்டிலருகே நின்றேன். கணக்கு வாத்தியார் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அன்று பெட்டி இல்லை. உள்ளே புதர் இருந்ததா, கோடு இருந்ததா, ஒன்றுமே இல்லையா, இனி யாராலும் சொல்ல முடியாது. அதைத் தெரிந்தவள் மாதிரி ஒருத்தி எழுதினாள், சொன்னாள்.

மாடிப்படியில் உட்கார்ந்து வடிவுக்கு நானே போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். நலம் விசாரிக்கவில்லை. விட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"வடிவு, அம்மா இழுத்துப் பாத்தாளான்னு கேட்டல்லா. இல்லைன்னு சொன்னேன். அது தப்புட்டி. எனக்குத் தெரியல. பாத்திருக்கலாம். எனக்குத்தான் தெரியல."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன்.

"ஏக்கா," என்றாள் கடைசியில், "அதக் கேக்கவா எட்டு மாசமா நான் போன் அடிக்கேன்? நீ எப்படி இருக்கன்னு கேக்கத்தாம்க்கா அடிச்சேன். சாப்டியா நீ?"

இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.